நடந்ததுதான், ஆனாலும் நம்ப மாட்டேன் என்கிறார்களே!

கேள்வி: எங்கள் அப்பா கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் 1968 முதல் 1983 வரை ரைஸ் மில் நடத்தினார். கூட்டாளி பணத்தோடு ஓடிப்போனார். மில் ஏலத்துக்குப் போனது. மீதிக் காலத்தை அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக் கழித்தார். அவர் போனபிறகு அவர் கதையை நாவலாக எழுதினேன். 640 பக்கம் வந்திருக்கிறது. படித்த நண்பர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் 'நம்ப முடியவில்லை' என்கிறார்கள். 1994-ல் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அப்பா டீ குடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து பெஞ்சில் அந்தக் கூட்டாளி உடம்புக்கு முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அழுது மன்னிப்புக் கேட்கிறார். இது அப்படியே நடந்தது, நானும் கூட இருந்தேன். நடந்ததை எப்படி நம்பாமல் போவார்கள்? இன்னொன்று, என் அக்கா 'வீட்டு விஷயத்தை ஊர் சிரிக்க எழுதாதே' என்கிறாள். அவளுடைய முறிந்த கல்யாணமும் இதில் வருகிறது. பேசாமல் வாழ்க்கை வரலாறாக மாற்றிவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம். நீங்கள் அனுப்பிய அத்தியாயச் சுருக்கம், முதல் 60 பக்கம், ஏலக் காட்சி, பஸ் ஸ்டாண்ட் காட்சி எல்லாவற்றையும் படித்தேன். உங்கள் நண்பர்கள் விரல் வைத்த இடம் சரிதான். காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் திறந்ததே 1999-ல்தான். ஆகவே வருடம் தவறு, அல்லது இடம் தவறு. நீங்கள் இட்டுக்கட்டியதாகச் சொல்லவில்லை. பின்னாளில் பல தடவை போய் இறங்கிய இடத்தை நினைவு பழைய காட்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டது. நேரில் பார்த்தவர்களுக்கும் இது நடக்கும். சொல்லப்போனால் நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நடக்கும், ஏனென்றால் அவர்கள் சரிபார்ப்பதில்லை. 'அப்படியே நடந்தது' என்பதில் இருக்கும் பிடியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் இனி சொல்லப்போகும் வேலைகள் சுலபமாகும்.

இனி நம்பகத்துக்கு வருவோம். நடந்தது என்பதற்கு உங்களிடம் சாட்சி இருக்கிறது, நீங்களே சாட்சி. வாசகர் கையில் இருப்பது முந்தைய பக்கங்கள் மட்டும்தான். 590-ஆம் பக்கத்தில் நடப்பதை அவர் 1 முதல் 589 வரை படித்ததை வைத்துத்தான் எடைபோடுவார். வாழ்க்கையில் ஒரு சம்பவத்துக்குக் காரணம் தேவையில்லை, நடந்துவிட்டால் போதும். நாவலில் காரணம் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே முளைத்திருக்க வேண்டும். உங்கள் அப்பா எதற்காக மதுரைக்குப் போனார்? பிரதியில் 'ஒரு வேலையாக' என்று இருக்கிறது. கூட்டாளி ஏன் அங்கே இருந்தார்? பதிலே இல்லை. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சுக்கு இழுத்து வந்தது நீங்கள்தான் என்று வாசகர் நினைத்துக்கொள்கிறார்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. தற்செயல் என்றாலே வாசகர் முகம் சுளிப்பதில்லை. தற்செயலால் ஒரு சிக்கல் தொடங்கினால் பேசாமல் ஏற்றுக்கொள்வார். தற்செயலால் சிக்கல் தீர்ந்தால்தான் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். உங்கள் காட்சியில் பதினைந்து வருட மில் வாழ்க்கையும் பதினொரு வருட வன்மமும் ஒரு டீ ஆறுவதற்குள் மன்னிப்பில் கரைந்துபோகின்றன. அப்பா ஒன்றும் செய்யவில்லை. பஸ் ஸ்டாண்ட் செய்து முடித்துவிட்டது. நண்பர்கள் நம்பாதது சந்திப்பை அல்ல, அந்தத் தீர்வை. அதே சந்திப்பில் கூட்டாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போயிருந்தால் ஒருவரும் 'நம்ப முடியவில்லை' என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சந்திப்புக்குக் காரணம் கொடுப்பது. 1986 வாக்கில் மதுரைப் பக்கம் அவரைப் பார்த்ததாக லாரி டிரைவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போகட்டும். அதன்பிறகு ஜவுளிக்கடை முதலாளி கொள்முதலுக்கு மதுரை என்று சொன்னால் கணக்குப்பிள்ளையான அப்பா வலியப்போய்க் கூட வருகிறேன் என்கிறார். வீட்டில் அதற்கு வேறு காரணம் சொல்கிறார். இப்படி மூன்று இடத்தில் விதை போட்டால் போதும், ஒவ்வொன்றும் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிறகு பெஞ்சில் அந்த மனிதர் உட்கார்ந்திருக்கும்போது அது எட்டு வருடத் தேடலின் முடிவாகிவிடும். இதில் எது கெடும் என்றால், விதையை அதிகம் போட்டால் வாசகர் 300-ஆம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் மூன்றில் ஒன்றாவது வேறொரு வேலையையும் செய்ய வேண்டும். லாரி டிரைவர் வருவது வைக்கோல் ஏற்ற. பேச்சோடு பேச்சாகத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி, சந்திப்பை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவருவது. இதைத்தான் சிபாரிசு செய்வேன். நீங்கள் 1973-ல் பிறந்தவர். 1994-ல் உங்களுக்கு 21 வயது. மொத்த நாவலில் நீங்கள் வளர்ந்த கண்ணோடு பார்த்த முக்கியமான காட்சி இது ஒன்றுதான். ஒரு பெண், அப்பா ஓர் அந்நியரைப் பார்த்து டீ கிளாஸைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பதைப் பார்க்கிறாள். அந்த ஆள் யார் என்று அப்பா சொல்ல மறுக்கிறார். நாவல் அங்கே தொடங்கட்டும். தற்செயல் தொடக்கத்தில் வந்துவிடுகிறது, ஆட்சேபம் போய்விடும். மன்னிப்பை அந்த அத்தியாயத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது நிஜத்தில் நடந்திருந்தாலும் சரி. கடைசியில் தேவைப்பட்டால் வேறு உருவத்தில் வரட்டும்.

மனசு கேட்காது என்று தெரியும். நிஜத்தை மாற்றினால் அப்பாவுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கும். இந்த வேலையை எவ்வளவு துணிந்து செய்யலாம் என்பதற்கு ரஷ்ய நாவலாசிரியர் தல்ஸ்தோயின் 'அன்னா கரீனினா'வைவிட நல்ல உதாரணம் இல்லை. அதன் பின்னால் இருந்த நிஜம் எது, நாவலில் அது என்னவாயிற்று என்பது ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது.

1872 ஜனவரியில் தல்ஸ்தோயின் பண்ணைக்கு அருகே யாசென்கி ரயில் நிலையத்தில் அன்னா பிரகோவா என்ற பெண் சரக்கு ரயிலின் முன் விழுந்து இறந்தாள். பக்கத்து நிலக்கிழார் பீபிகோவின் வீட்டை நிர்வகித்தவள், அவரோடு வாழ்ந்தவள். அவர் வேறொரு பெண்ணை மணக்கப் போகிறார் என்று தெரிந்ததும் இப்படிச் செய்தாள். தல்ஸ்தோய் போய் உடலைப் பார்த்தார். உங்களைப் போன்றவர் கையில் இது கிடைத்தால் பண்ணை வீட்டில் தொடங்கி நேராக ரயில் நிலையத்துக்குப் போகும் ஒரு கதையாகியிருக்கும். அவர் என்ன செய்தார்? ஒழுக்கம் தவறியதாக ஊர் சொல்லும் உயர்குடிப் பெண் ஒருத்தியைப் பற்றி, அவளைக் குற்றவாளியாக்காமல் இரக்கத்துக்குரியவளாக எழுத வேண்டும் என்று 1870-லேயே மனைவியிடம் சொல்லியிருந்தார். எண்ணம் முதலில், சம்பவம் இரண்டு வருடம் கழித்து, எழுத உட்கார்ந்தது 1873-ல். தோற்றத்துக்குக் கவிஞர் புஷ்கினின் மகள் மரியா ஹார்ட்டுங்கிடமிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டார். பிரகோவாவிடமிருந்து வந்தது பெயரும் சாவும்தான். பண்ணை வீட்டுப் பெண் பெரிய அதிகாரியின் மனைவியானாள்.

அந்த ரயிலை அவர் நாவலின் கடைசிப் பகுதிக்காக மட்டும் பத்திரப்படுத்தி வைக்கவும் இல்லை. அன்னா மாஸ்கோவில் வந்து இறங்கும் முதல் பகுதியிலேயே ரயில்வே காவலாளி ஒருவன் சக்கரத்தில் சிக்கிச் சாகிறான். அதே நேரத்தில் அது நடப்பது தற்செயல். ஆனால் தொடக்கத்தில் வருவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஏழாம் பகுதியில் அவள் ரயிலின் முன் விழும்போது நமக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரியும்.

இன்னும் உங்களுக்கு நேரடியாக உதவுவது, அதே நாவலின் இன்னொரு முக்கியப் பாத்திரமான லெவினுடைய அண்ணன் சாகும் பகுதி. தல்ஸ்தோயின் சகோதரர்கள் இரண்டு பேர் காசநோயில் இறந்தார்கள். திமீத்ரி 1856-ல், நிக்கொலாய் 1860-ல், பிரான்ஸின் தென்கரையில். திமீத்ரி விபசார விடுதியிலிருந்து மீட்டுவந்த மாஷா என்ற பெண்ணோடு வாழ்ந்தார். அவர் சாகும் நிலையில் இருந்தபோது தல்ஸ்தோய் போய்ப் பார்த்துவிட்டு முடிவு வரும்வரை தங்காமல் கிளம்பிவிட்டார். நிக்கொலாய் இறந்தபோதுதான் அருகில் இருந்தார். நாவலில் இரண்டு சாவும் ஒன்றாகிவிட்டது. வாழ்க்கையும் மாஷாவும் திமீத்ரியிடமிருந்து. பெயரும் உடனிருந்து பார்த்த முடிவும் நிக்கொலாயிடமிருந்து. அந்தப் பெரிய நாவலில் தலைப்புள்ள ஒரே அத்தியாயம் இதுதான்: 'சாவு'. நிஜத்தில் அவர் விட்டுவிட்டுப் போன இடத்தில் லெவின் தங்குகிறான். இதைப் பொய் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

நிச்சயதார்த்தக் காட்சியும் இப்படித்தான். லெவின் சாக்குக்கட்டியால் மேஜைமேல் சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் எழுத, அவன் விரும்பும் பெண்ணான கிட்டி முழு வாக்கியத்தையும் படித்துவிடுகிறாள். இது 1862-ல் தல்ஸ்தோய்க்கும் அவர் பிறகு மணந்துகொண்ட சோஃபியாவுக்கும் இடையே நடந்தது. ஆனால் நிஜத்தில் எழுதிய வாக்கியம் வேறு: உங்கள் இளமை என் வயதை நினைவூட்டுகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம். சோஃபியாவுக்கு நடுவில் அவர் எடுத்துக்கொடுக்கவும் வேண்டியிருந்தது. கல்யாணப் பேச்சு அன்றைக்கு முடியவில்லை. பிறகு செப்டம்பரில் கடிதம் கொடுத்துத்தான் கேட்டார். நாவலாசிரியர் கையசைவை வைத்துக்கொண்டார், வாக்கியத்தை மாற்றினார், வாரக்கணக்கில் நீண்டதை ஒரே மாலைக்குள் அடக்கினார். உங்கள் பிரதியில் ஒவ்வொரு காட்சியையும் எடுத்து இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள்: இதில் எந்தச் செயலை விட முடியாது, எந்தப் பேச்சை மாற்றலாம், எத்தனை நாளை ஒரே நாளாக்கலாம்.

இனி உங்கள் பிரதியின் உடம்புக்குள் போவோம். ஒரு முழுத்தாளில் பக்கக் கணக்கு போடுங்கள். நான் சுருக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தேன்: 1968–75 வரை 310 பக்கம், 1976–81 வரை 190, மில் போன 1982–83 இரண்டு வருடத்துக்கு 70, அதற்குப் பிறகு எல்லாம் சேர்த்து 70. ஏலம் நடந்த நாள் நான்கே பக்கம். அதாவது நீங்கள் பிறக்காத அல்லது தவழ்ந்துகொண்டிருந்த காலத்துக்குப் பாதி நாவல். நீங்கள் ஒன்பது, பத்து வயதில் கண்ணால் கண்ட வீழ்ச்சிக்கு அதில் கால்வாசி கூட இல்லை. ஏன் இப்படியாகிறது? அப்பா திரும்பத் திரும்பச் சொன்ன கதைகள் முதல் காலத்தைப் பற்றியவை. மில் தொடங்கியது, முதல் லோடு, பாய்லர் வாங்க அலைந்தது எல்லாம் அவர் வாயிலேயே உருண்டு திரண்டு வந்தவை. வீழ்ச்சியைப் பற்றி அவர் பேசவில்லை. பேசாததால் நீங்களும் தாண்டிப் போய்விட்டீர்கள். அவர் பேசாத இடத்தில்தான் நாவலுக்கு வேலை இருக்கிறது.

640 பக்கத்தை 380-க்குள் கொண்டுவரப் பாருங்கள். முதல் எட்டு வருடத்துக்கு 80 பக்கம் போதும். அதிலும் 'அப்பா சொல்வார்' என்று மகள் வழியாக வரட்டும். ஏலத்தன்று காலையிலிருந்து இரவு வரை 25 பக்கமாவது வேண்டும். வெட்டியதைக் கிழித்துப்போடாதீர்கள். தனிக் கோப்பில் வைத்திருங்கள். அதிலிருந்து நல்ல ஒரு வாக்கியம் எப்படியும் வேறு இடத்தில் கைகொடுக்கும்.

கூடவே ஒரு வயது அட்டவணை வேண்டும். மேலே வருடங்கள், பக்கவாட்டில் பாத்திரங்கள், கட்டத்துக்குள் வயது. கடைசி வரியில் ஊரறிந்த நிகழ்ச்சிகள்: 1975 நெருக்கடி நிலை, 1977 நவம்பர் நாகப்பட்டினம் புயல், இப்படி. உங்கள் பிரதியில் 77 புயலே இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த நவம்பரில் மில் வைத்திருந்த குடும்பத்தின் கதையில் புயல் இல்லையென்றால் டெல்டா வாசகர் புருவத்தை உயர்த்துவார். நம்பகம் இப்படிச் சின்ன இடங்களிலும் ஒழுகும்.

அடுத்தது உறவுக்காரர்கள். பெரியப்பா, சித்தப்பா, இரண்டு மாமா என்று நான்கு பேர் அப்பாவுக்குக் கடன் கொடுக்கிறார்கள், நான்கு பேரும் பிறகு முகம் கொடுப்பதில்லை. வாழ்க்கையில் நான்கு பேர் இருந்தார்கள், வாஸ்தவம். நாவலில் ஒரே வேலையை நான்கு பேர் செய்தால் மூன்று பேர் வெறும் பெயர்கள். இரண்டாகக் குறையுங்கள். ஆனால் யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதில் கவனம் வேண்டும். சித்தப்பாவையும் மாமாவையும் ஒருவராக்கினால் 14-ஆம் அத்தியாயம் சரிந்துவிடும். பூர்வீக நிலத்தை விற்கும்போது பங்காளியான சித்தப்பா கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவின் உடன்பிறந்த மாமாவுக்கு அங்கே வேலையே கிடையாது. அதேபோல அக்காவின் காதுகுத்தில் மடியில் உட்கார்த்திக்கொள்வது மாமாதான். எனவே பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒருவர். இரண்டு மாமாவும் ஒருவர். சேர்த்தபிறகு யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்துக்கொண்டு வாருங்கள். பெரியப்பா போய்விட்டாலும் பெரியம்மா மட்டும் ஏதாவதோர் அடுப்பங்கரையில் மிச்சமிருப்பார்.

கதை சொல்பவர் பிரச்சினை இன்னும் ஆழமானது. 'அன்று இரவு மில் களத்தில் அப்பாவும் அவரும் பேசிக்கொண்டார்கள்' என்று மூன்று பக்க உரையாடல் வருகிறது. உங்களுக்கு அப்போது எட்டு வயது, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். இந்தப் பேச்சைக் கேட்டது யார்? படர்க்கையில் எழுதினால் ஆசிரியர் எங்கும் நுழையலாம். மகள் 'நான்' என்று சொன்னால் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். இதைத் தடையாக நினைக்க வேண்டாம். அம்மா சொன்ன வடிவம் ஒன்று, களத்துக் காவல்காரர் சொன்ன வடிவம் ஒன்று, இரண்டும் பொருந்தவில்லை என்று மகள் திகைத்து நிற்கட்டும். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: பார்த்தது, கேட்டது, ஊகித்தது. கேட்டதற்கு யார் சொன்னது என்றும் எழுதுங்கள். பாதிக்குமேல் ஊகமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வாழ்க்கை வரலாறு எழுத முடியாது என்பதற்கு அதுவே காரணம்.

ஆம், உங்கள் கடைசிக் கேள்விக்கு இதுதான் பதில். 'இது நடந்தது' என்ற ஒப்பந்தத்தில் எழுதுவது வேறு தொழில். உ.வே.சா. தம் சரித்திரத்தை 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் எழுதியபோது ஆண்டும் ஊரும் ஆளும் சரியாக இருந்தாக வேண்டும் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். உங்களிடம் கூட்டுப்பத்திரம் இல்லை, ஏல நோட்டீஸ் இல்லை, 68-லிருந்து 75 வரைக்கான கணக்குப் பேரேடு இல்லை. இருப்பது சொல்வழக்கும் வாசனையும். நாவலுக்கு அது தாராளம்.

வாசனை என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மில் உங்கள் கையிலிருக்கும் பெரிய சொத்து. 60 பக்கத்தில் அதை ஒரு இடத்திலும் செலவழிக்கவில்லை. பிரதியில் இப்படி இருக்கிறது: 'அன்றும் வழக்கம்போல் மில்லில் நெல் அவியல் நடந்துகொண்டிருந்தது. அப்பா மிகுந்த மன வேதனையில் இருந்தார்.' முதல் வாக்கியம் பின்னணி, இரண்டாவது அறிவிப்பு. இரண்டையும் ஒன்றாக்கிப் பாருங்கள்:

'ஊறல் தொட்டித் தண்ணீரை மூன்றாம் நாளும் மாற்றவில்லை. வாசல்வரை புளித்த வாடை வந்தது. "தண்ணிய எறக்கிடவா மொதலாளி?" என்று தொட்டியாள் இரண்டு தரம் கேட்டான். அப்பா களத்துக்குப் போய்க் காய்ந்த நெல்லில் ஒன்றை எடுத்துக் கடித்தார். பதம் சொல்லவில்லை. உமியைத் துப்பவும் இல்லை.'

தொட்டித் தண்ணீர் ஏன் மாற்ற வேண்டும் என்று வாசகருக்குத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று புரிந்துவிடும். தெரிந்தவருக்கு அந்த நெல் நாறிப்போகும், அரிசி விலை போகாது என்பது வரை ஓடும். வேதனை என்ற சொல் தேவைப்படவில்லை. தொழில் விவரத்துக்கு ஒரே சோதனைதான் உண்டு: யாராவது ஒருவர் அதைக் கையால் செய்கிறாரா, செய்யத் தவறுகிறாரா? அப்படி இருந்தால் வையுங்கள். 'புழுங்கல் அரிசி தயாரிக்கும் முறை' என்று ஒன்றரைப் பக்கம் வருகிறதே, 41-லிருந்து, அதை எடுத்துவிடுங்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதில் ஆளே இல்லை.

கூட்டாளி. வருகிற இடத்திலெல்லாம் தங்கப்பல்லும் கள்ளப் பார்வையுமாக வருகிறார். ஓடிப்போவார் என்று 30-ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பதினான்கு வருடம் உங்கள் அப்பா, கணக்கில் புலியானவர், இப்படிப்பட்ட ஒருவரை ஏன் நம்பினார்? கூட்டாளியைக் கெட்டவராக்கும்போது அப்பாவை முட்டாளாக்குகிறீர்கள்; இது நீங்கள் நினைத்துச் செய்ததல்ல. 'அன்னா கரீனினா'வின் ஆரம்பப் பிரதிகளில் அன்னா கொச்சையானவளாகவும் கணவன் நல்லவனாகவும் இருந்தார்கள். திருத்தத் திருத்தத்தான் அவளுக்கு ஆழம் வந்தது. கூட்டாளியின் கண்ணிலிருந்து ஐந்து பக்கம் எழுதிப் பாருங்கள்: ஓடிப்போன இரவு, பணத்தை எண்ணுகிறார், என்ன காரணம் சொல்லிக்கொள்கிறார்? அந்த ஐந்து பக்கத்தை நாவலில் சேர்க்காதீர்கள். அதற்குப்பின் அவர் பேசுகிற பேச்சு தானாக மாறிவிடும். அப்பா அவரோடு சிரித்துப் பேசிய ஒரு காட்சியாவது வேண்டும், நல்ல காட்சியாக, வாசகருக்கும் அவரைப் பிடித்துப்போகிற மாதிரி.

கூட்டாளிமேல் உள்ள கோபம் சீக்கிரம் அடங்கவில்லை என்றால் கொஞ்ச நாள் பிரதியை எடுத்து வைத்துவிடலாம். அசோகமித்திரன் இளமையில் செகந்திராபாத்தில் இருந்தபோது கண்ட 1947–48 கலவரக் காலம் 'பதினெட்டாவது அட்சக்கோடு' என்ற நாவலாக வந்தது 1977-ல். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஆறு மாதம் போதும். அதுவரை அட்டவணை, பக்கக் கணக்கு, குறிப்பேடு என்று கைவேலை நிறைய இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 'இதில் வரும் பெயர்கள் கற்பனையே' என்று முன்பக்கத்தில் போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அவதூறு வழக்கில் கேள்வி பெயரைப் பற்றியதல்ல. படிக்கிறவர்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்கிறார்களா என்பதே. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளாக இருந்ததுதான். அதன் விளக்கத்தில் இறந்தவர் மீது சொல்லும் பழியும் வருகிறது, குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கத்தோடு சொல்லியிருந்தால். கூட்டாளி இறந்துவிட்டார், ஆனால் பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், குடும்ப அமைப்பு, அங்க அடையாளம் இந்த நான்கில் குறைந்தது மூன்றை மாற்றுங்கள். தொழிலை மாற்ற முடியாது, அது நாவலின் உயிர். மற்ற மூன்றும் போகட்டும். ஊருக்கு ஒரு கற்பனைப் பெயர் வையுங்கள்; கும்பகோணம் தூரத்தில் பஸ் போகும் ஊராக மட்டும் இருக்கட்டும். தங்கப்பல் நிஜம்தானே? அதுதான் முதலில் போக வேண்டும். அச்சுக்குப் போகுமுன் ஒரு வழக்கறிஞரிடம் அந்த அத்தியாயங்களைக் காட்டிவிடுங்கள்.

சட்டத்தில் ஜெயிப்பது மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. திருச்செங்கோடு என்ற நிஜ ஊரும் கோயிலும் அதில் இருந்ததை ஒட்டி 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் அவர் இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது 2016 ஜூலை 5-ல். நடுவில் போனது ஒன்றரை வருடம். உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகாது, ஆனாலும் நிஜ ஊர்ப் பெயர் எதற்காக வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் இல்லாவிட்டால் எந்தக் காட்சி கெடும்? நான் படித்தவரை ஒன்றும் கெடவில்லை.

அக்கா விஷயம் சட்டம் அல்ல. மில்லும் ஏலமும் உங்கள் இருவருக்கும் பொது. அவள் கல்யாணம் அவளுடையது. அவள் பெயரை மாற்றினாலும் சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சுருக்கத்தைப் பார்த்தால் அந்தக் கல்யாணம் நாவலில் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: ஏலத்துக்குப் பிறகு வரதட்சிணை பாக்கியைக் காரணம் காட்டி மாப்பிள்ளை வீட்டார் திருப்பி அனுப்புகிறார்கள். பணம் போனதன் விலை என்ன என்று காட்டத்தான் அது. அதே வேலையை வேறு எதையாவது செய்யச் சொல்லலாம். தம்பியின் படிப்பு நின்றுபோகலாம், அம்மாவின் மாமனார் வீட்டு உரிமை போகலாம். நாவலுக்கு விளைவுதான் வேண்டும், அக்காவின் விஷயமே வேண்டுமென்பதில்லை. என் அபிப்பிராயம், எடுத்துவிடுங்கள். 'இது இல்லாமல் முடியாது' என்று தோன்றினால் முதல் பிரதியை அவளிடம் கொடுக்காதீர்கள், குடும்பத்தில் யாரிடமும் கொடுக்காதீர்கள். அரைகுறைப் பிரதியைப் படிக்கிறவர்கள் தங்களைத்தான் தேடுவார்கள். மூன்றாவது திருத்தம் முடிந்தபின், அவளைப் பற்றிய பக்கங்களை மட்டும் தட்டச்சு செய்து, தனியாக இருக்கும்போது கொடுங்கள். 'இதைப் போடட்டுமா' என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். மாற்றி எழுதிக் காட்டி இரண்டாம் தடவை கேட்க வேண்டாம்.